தாளை நிரப்பாதவர்கள்

குடிநோய்க்கு சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தரும் இடங்களில், நோயாளியின் கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் சில கட்டங்கள் இருக்கும். எந்த நேரம், எந்த இடம், கூட யார் இருந்தார்கள், குடிக்கத் தோன்றியபோது மனதில் என்ன ஓடியது, அந்த ஆசைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடலாம், குடிப்பதற்குப் பதில் என்ன செய்தீர்கள். வாரம் முழுக்க எழுதி அடுத்த அமர்வுக்குக் கொண்டுவர வேண்டும். பலர் வெற்றுத் தாளோடு வருவார்கள். சிலர் கவுன்சிலர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஏழு நாள் கணக்கையும் ஒரே மூச்சில் எழுதி முடிப்பார்கள். தாளே தொலைந்துவிட்டது என்பவர்களும் உண்டு. 'குடியை விடுகிற எண்ணம் இன்னும் வரவில்லை' என்று கோப்பில் ஒரு வரி ஏறும்.

அந்தத் தாள் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று பார்க்கலாம். ஆசை எழும் நேரத்திலேயே தன்னைத் தான் கவனிக்க வேண்டும். கவனித்ததை மறக்காமல் வைத்திருந்து எண்ணாக மாற்ற வேண்டும். தாள் ஒன்று இருக்கிறது என்பதும் அது எங்கே இருக்கிறது என்பதும் நினைவுக்கு வர வேண்டும். முன்பு கற்றுக்கொண்ட மாற்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பழக்கத்தின் இழுப்பை மீறி அதைச் செய்ய வேண்டும். இவை பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளையின் முன்பகுதி முன்னின்று நடத்தும் வேலைகள். பல ஆண்டுக் குடி கடுமையாகத் தாக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அப்படியானால் பேச்சுச் சிகிச்சை தோற்கும்போது தோற்றது யார்? நோயாளியின் மனஉறுதியா, அவருடைய மூளையா, அவர் மூளையைக் கணக்கில் எடுக்காத சிகிச்சையா?

முதலில் பாதிப்பின் அளவு. 2013இல் ஸ்டாவ்ரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நினைவு, கவனம், திட்டமிடல் என்று அவர்கள் பிரித்த பன்னிரண்டு திறன்களில் பதினொன்றில், குடியை நிறுத்திய முதல் மாதத்தில் மிதமான குறைபாடு இருந்தது. இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை விட்டிருந்தவர்களிடமும் கிட்டத்தட்ட அதே நிலைதான். ஓராண்டைத் தாண்டியவர்களிடம் குறைபாடு சிறிதாகச் சுருங்கியிருந்தது. மூளை மீள்கிறது என்பது இதிலுள்ள நல்ல செய்தி. அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மீள்கிறது என்பதும், நாம் தரும் சிகிச்சை பெரும்பாலும் முதல் முப்பது நாளுக்குள் முடிந்துவிடுகிறது என்பதும்தான் சிக்கல்.

எல்லாப் போதைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. கஞ்சாவை நிறுத்தினால் நினைவுக் குறைபாட்டில் பெரும்பகுதி சில வாரங்களில் தேய்ந்துவிடுவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. இங்கே நான் எடைபோடுவது முக்கியமாக மதுவை.

குடிநோயாளியைப் பார்ப்பவர்களை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. பேச்சு கெடுவதில்லை. சொல்வளம், பொது அறிவு, வாதத் திறமை எல்லாம் ஓரளவு அப்படியே இருக்கும். 'சார், நீங்க சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட் சார், இனிமே அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்' என்று தெளிவாகச் சொல்வார். சொல்லும்போது மனதாரத்தான் சொல்கிறார். மறுநாள் அந்த உரையாடலில் பாதி அவரிடம் இருக்காது. முதல் வாரத்தில் நிலைமை இன்னும் மோசம். கை நடுக்கமும் வலிப்பும் வராமல் தடுக்க டயஸிபாமோ குளோர்டயஸிபாக்சைடோ கொடுத்திருப்பார்கள். கொடுத்தே ஆகவேண்டிய மருந்துகள்தான். ஆனால் புதிதாகக் கேட்டதை மனதில் பதியவிடாமல் செய்வது அவற்றின் அறியப்பட்ட குணம். அந்த வாரத்திலேயே 'குடியால் வரும் கேடுகள்' வகுப்பை வைத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கும் மையங்கள் இருக்கின்றன. அந்த வகுப்பு யாருக்காக நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சேர்க்கைப் படிவத்தில் வாங்கும் கையெழுத்தும் அதே வாரத்தில் வாங்கியதுதான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 போதைநோயையும் உள்ளடக்கியது, புரிந்து தரும் ஒப்புதலை உரிமையாகச் சொல்வது என்பதை நினைத்துக்கொண்டால், அந்தக் கையெழுத்தின் மதிப்பென்ன என்ற கேள்வியும் கூடவே வரும்.

அடுத்து, மறுப்பு என்ற குற்றச்சாட்டு. குடிநோய் சிகிச்சையில் பழங்காலத்திலிருந்து வரும் நம்பிக்கை, நோயாளி தன் நோயை ஒத்துக்கொள்ள மறுக்கிறார், அந்த மறுப்பை உடைப்பதே சிகிச்சை என்பது. 2002இல் ரின் என்பவரின் குழு ஒரு சிறிய ஆய்வில் இதைச் சோதித்தது. சிகிச்சையில் இருந்தவர்களில் மறுப்பு அதிகமாகத் தெரிந்தவர்களே நினைவிலும் திட்டமிடலிலும் அதிகம் தடுமாறினார்கள். 2009இல் ரீட்டா கோல்ட்ஸ்டீன், நோரா வோல்கோ முதலியோர் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. தன் நிலையைத் தானே உணரும் மூளைச் சுற்றுகளே போதைநோயில் பழுதாகின்றன என்றது. இதை அப்படியே ஏற்றால், நெஞ்சறிந்து பொய் சொல்பவரென்று நாம் திட்டும் ஆளுக்கு, போன மாதம் எத்தனை முறை விழுந்தோம் என்பது உண்மையிலேயே வரிசையாக நினைவில் இல்லாமல் இருக்கலாம். அவரை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பதால் நினைவு வரப்போவதில்லை. அவமானம் மட்டும் மிஞ்சும்.

அதற்காக எல்லா மறுப்பையும் மூளைமேல் ஏற்றிவிடவும் முடியாது. சம்பளக் கவரை மறைப்பவர், மனைவியின் தாலியை அடகு வைத்துவிட்டுத் திருட்டுப் போனதாகச் சொல்பவர், நன்றாகவே திட்டமிடுகிறார். ரின் குழுவின் ஆய்வு சிறியது, முதற்கட்ட ஆய்வென்று அவர்களே சொன்னது. தொடர்பு இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்கவில்லை.

இனி வழக்கின் மையம். குறைபாடு இருந்தால் சிகிச்சை பலிக்காதா? பலிக்காது என்ற கட்சிக்கு வலுவான சாட்சி எஃப்ராட் அஹரனோவிச். நியூயார்க்கில் கொக்கைன் பழக்கத்துக்கு சிபிடி பெற்றவர்களை அவர் பின்தொடர்ந்தார். பாதியில் நின்றுபோனவர்கள் கவனம், நினைவு போன்ற சோதனைகளில் முழுதும் வந்தவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். 2003இல் மிகச் சிறிய குழுவிலும், 2006இல் சற்றுப் பெரிய குழுவிலும் இதையே கண்டார். தாளை நிரப்பாதவர்கள் யார் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடைப்பது கடினம்.

எதிர்க்கட்சியின் சாட்சி இதைவிடப் பெரியது. 1989இல் அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனம் தொடங்கிய 'புராஜெக்ட் மேட்ச்' ஆய்வில் 1,726 பேர் சேர்க்கப்பட்டார்கள். சிபிடி, ஊக்கத்தை வளர்க்கும் நான்கு அமர்வு உரையாடல், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏஏ கூட்டங்களுக்கு ஆளைத் தயார்செய்யும் பன்னிரண்டு படி முறை ஆகிய மூன்றில் ஒன்றை, குலுக்கல் முறையில் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதைக் கண்டுபிடிப்பதே நோக்கம். அவர்கள் முன்கூட்டியே எழுதிவைத்த ஊகங்களில் அறிவாற்றல் குறைபாடும் ஒன்று. 1997இல் முடிவு வந்தது. மூன்று சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே பலன் தந்தன. அறிவாற்றல் குறைபாட்டை வைத்துச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற ஊகம் நிற்கவில்லை. கடுமையான மூளைப் பாதிப்பு உள்ளவர்களை முதலிலேயே விலக்கிவிட்டார்கள் என்று வாதாடலாம். இருந்தாலும் மிதமான குறைபாடு உள்ளவர்கள் அந்தக் கூட்டத்தில் ஏராளமாக இருந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் கொத்துக்கொத்தாகத் தோற்றுப் போகவில்லை.

குறைபாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது. கருவி பழுது என்றால் வேலை கெட வேண்டும், ஏன் கெடவில்லை? 2006இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்ஷா பேட்ஸ் குழு மேட்ச் தரவுகளையே மறுபடி அலசியது. குறைபாடு இல்லாதவர்களிடம் 'என்னால் குடிக்காமல் இருக்க முடியும்' என்ற தன்னம்பிக்கை, பின்னால் குடிப்பார்களா மாட்டார்களா என்பதை நன்றாகவே முன்னறிவித்தது. குறைபாடு உள்ளவர்களிடம் அந்தத் தன்னம்பிக்கையின் அளவுக்கும் பின்னால் நடந்ததற்கும் அப்படியொரு உறவு தெரியவில்லை. ஏஏ கூட்டங்களில் அவர்கள் எவ்வளவு ஒட்டினார்கள் என்பதற்கே பலனோடு உறவு இருந்தது. அதாவது இரு தரப்பும் ஒரே ஊருக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள், போன பாதை வேறு. முதல் தரப்பு தன் தலைக்குள் இருக்கும் திறமையை வைத்து நடந்தது. இரண்டாம் தரப்பு வெளியிலிருந்து கிடைத்த தாங்கலைப் பிடித்துக்கொண்டு நடந்தது.

ஏஏ கூட்டத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். அதே நாள், அதே நேரம், அதே அறை. ஒவ்வொரு முறையும் அதே தொடக்கம். 'இன்று ஒரு நாள் மட்டும்' போன்ற, எளிதில் மறக்காத சிறு வாக்கியங்கள். வராவிட்டால் போன் செய்து கேட்கும் ஒரு ஸ்பான்சர். ஒரே ஆள் ஒரே கதையை நூறாவது தடவை சொல்வார். யாரும் 'இதைப் போன வாரமே சொன்னீங்க' என்பதில்லை. புதிதாக எதையும் கற்று நினைவில் வைக்க வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாடு. 1935இல் அதைத் தொடங்கிய இரண்டு அமெரிக்கக் குடிநோயாளிகள் மூளையியலை நினைத்து இதைக் கட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் நினைவு தேய்ந்தவருக்கு ஒரு சிகிச்சையை வரையச் சொன்னால் ஏறக்குறைய இப்படித்தான் வரைய வேண்டியிருக்கும். 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், இந்தக் கூட்டங்களுக்கு முறையாக ஆளை அனுப்பும் சிகிச்சையைப் பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பின் முழுதாக விட்டிருந்தவர்கள் 42 சதவீதம், சிபிடி போன்ற பிற சிகிச்சைகளில் 35 சதவீதம். வித்தியாசம் பெரிதல்ல என்றாலும் உண்மையானது. பேட்ஸ் கண்டது தொடர்புதான், காரணம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டத்துக்குத் தொடர்ந்து வர முடிந்தவர் வேறு வகையிலும் சற்று நல்ல நிலையில் இருந்திருக்கலாம். அங்கே வரும் கடவுள் பேச்சு பிடிக்காதவர்களுக்கு அந்த அறை ஒட்டாது என்பதும் உண்மை.

மூளைதான் பழுது என்றால் மூளைக்கே பயிற்சி கொடுத்துச் சரிசெய்யலாமே என்பது அடுத்த வாதம். செயலிகளின் காலத்தில் கேட்பதற்கு இனிக்கும் வாதம் இது. இதில் உருப்படியான சான்று ஒரு வகைக்கு இருக்கிறது. ரெய்னவுட் வீர்ஸ் குழு ஜெர்மனியில் 214 உள்நோயாளிகளிடம் செய்த சோதனை 2011இல் வெளிவந்தது. கணினித் திரையில் மதுப் படம் வந்தால் ஜாய்ஸ்டிக்கால் தள்ள வேண்டும், குளிர்பானப் படம் வந்தால் இழுக்க வேண்டும். நாலே அமர்வு. ஓராண்டு கழித்து மறுபடி குடித்தவர்கள் பயிற்சி பெறாதவர்களில் 59 சதவீதம், பெற்றவர்களில் 46. 2021இல் மெல்போர்னில் விக்டோரியா மேனிங் குழு, உடலிலிருந்து மதுவை இறக்கும் அதே நாட்களில் 300 பேரிடம் இதைச் செய்து பார்த்தது. பயிற்சி பெற்றவர்களில் இரண்டு வாரம் குடிக்காமல் இருந்தவர்கள் 54 சதவீதம், மற்றவர்களில் 42. கவனியுங்கள், இந்தப் பயிற்சி பழகிப்போன இழுப்பை நேரடியாகத் திருப்புகிறது, திட்டமிடும் ஆற்றலை வளர்க்க முயலவில்லை. எண்களை நினைவில் வைக்கும் விளையாட்டு போன்ற நினைவுப் பயிற்சிகள் அந்த விளையாட்டில் கெட்டிக்காரராக்குகின்றன. குடிப்பதைக் குறைத்தன என்பதற்குச் சான்று மெலிந்தது, நெதர்லாந்தில் நடந்த ஒரு முறையான சோதனை பலனில்லை என்றே சொன்னது. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் குடிநோயாளிகளுக்கான அறிவாற்றல் மறுபயிற்சி சோதிக்கப்பட்டிருக்கிறது. சோதனைகளின் மதிப்பெண் ஏறுவது வேறு, தெருமுனை டாஸ்மாக்கைத் தாண்டி வீடு வருவது வேறு. இப்போதைக்கு மூளைப் பயிற்சி துணைதான். அதை முதன்மைச் சிகிச்சையாக விற்பவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு நுட்பமான விவாதத்துக்கு நடுவே கேவலமான அலட்சியம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அது தயமின் என்கிற வைட்டமின் பி1. இது குறைந்தால் வெர்னிக்கி நோய் வரும், கவனிக்காமல் விட்டால் புது நினைவே பதியாத கோர்சகாஃப் நிலைக்குக் கொண்டுபோகும். கண் அசைவு கெடுதல், நடை தள்ளாடுதல், குழப்பம் என்று மூன்று அடையாளங்களைப் பாடப்புத்தகம் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் கிளைவ் ஹார்ப்பர் பிரேதப் பரிசோதனையில் இந்த நோயைக் கண்டறிந்த 131 பேரின் பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்து 1986இல் எழுதினார். உயிரோடிருந்தபோது நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மூன்று அடையாளமும் சேர்ந்திருந்தவர்கள் 16 சதவீதம். குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார், குழம்பிப் பேசுகிறார் என்றால் போதை என்று விட்டுவிடுவது எவ்வளவு சுலபம்! ஆஸ்திரேலியா 1991இல் ரொட்டி மாவில் தயமின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. நம் ஊரில் சாப்பிடாமல் குடித்துச் சுருண்டவரை அருகிலுள்ள கிளினிக்குக்குத் தூக்கிப்போய் முதலில் 'ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்' என்பார்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் இருக்கும் கொஞ்ச தயமினும் அதிலேயே செலவாகி நிலை மோசமாகலாம். குடியால் புண்ணான குடல் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது, ஆகவே ஆபத்துள்ளவருக்கு ஊசிதான் தேவை. விலையும் மலிவு. இதைச் செய்யாத மையம் எந்த மனோதத்துவச் சிகிச்சையைப் பற்றிப் பேசவும் தகுதியில்லாதது என்பேன்.

சரி, குறைபாட்டை எப்படித் தெரிந்துகொள்வது? பத்து நிமிடத்தில் முடியும் மோகா என்ற 30 மதிப்பெண் சோதனையை 2005இல் ஜியாத் நாஸ்ரெதின் குழு வெளியிட்டது. கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்வார்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள், ஐந்து சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பார்கள். 26க்குக் கீழே போனால் சந்தேகம். பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கொத்தனாருக்கு அந்த ஒரு மதிப்பெண் எந்த மூலைக்கு? கனசதுரம் வரையத் தெரியாதது பள்ளியின் குறையா, பிராந்தியின் குறையா என்று சோதனைத் தாள் சொல்லாது. ஆகவே மதிப்பெண்ணை மட்டும் வைத்து யாருக்கும் முத்திரை குத்தக் கூடாது. அதே ஆளுக்கு முதல் வாரம் கழிந்து ஒரு முறை, மாதக் கடைசியில் ஒரு முறை வைத்து ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் நியாயம்.

இந்திய நிலவரத்தில் இந்தச் சான்றுகளைப் பொருத்தும்போது ஒரு ஓட்டை தெரிகிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆலோசகர்களே சில அமர்வுகளில் ஆலோசனை தந்த ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, உலகமே பாராட்டியது. 377 ஆண்கள். மூன்று மாதத்தில் தீங்கான குடியிலிருந்து மீண்டவர்கள் 36 சதவீதம், ஆலோசனை பெறாதவர்களில் 26. நல்ல ஆய்வு. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் தீங்கு தரும் அளவில் குடிப்பவர்கள். குடிநோய்க்கு ஆளாகிவிட்டவராகத் தோன்றியவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. கடும் குடிநோயாளிக்கும் பேச்சு போதும் என்று அதை மேற்கோள் காட்டுபவர்கள் ஆய்வைப் படிக்காதவர்கள். 2019இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பின்படி குடிநோயாளிகளில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெறுகிறார், உள்நோயாளியாக 180 பேருக்கு ஒருவர். அந்த ஒருவருக்கும் தருவது அவர் மூளைக்கு எட்டாத வடிவில் இருந்தால் என்ன பயன்?

என் தீர்ப்பு இது. பேச்சுச் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. அறிவாற்றல் குறைபாடு அதைப் பயனற்றதாக்குகிறது என்ற வாதம் மேட்ச் ஆய்வின் முன் நிற்காது. குறைபாட்டை வைத்து ஆளுக்கொரு சிகிச்சை ஒதுக்கலாம் என்ற நம்பிக்கையும் நிரூபணமாகவில்லை. தப்பு, சிகிச்சை எந்த நேரத்தில் எந்த வடிவில் தரப்படுகிறது என்பதில் இருக்கிறது. முதல் வாரத்தில் தயமின், தூக்கம், சாப்பாடு, வகுப்பு வேண்டாம். பிறகு ஒரு மணி நேர அமர்வை இருபது நிமிடமாக்கி நாளுக்கு இரண்டு முறை வைக்கலாம். ஒரு அமர்வுக்கு ஒரே விஷயம். முடிவில் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். கட்டம் போட்ட தாளுக்குப் பதில் ஆசை வரும் நேரத்தில் போன் செய்ய ஒரே எண், அது செல்போனின் முதல் பட்டனில். 'எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு சார்' என்பதை வீட்டுக்கு அனுப்பும் அளவுகோலாக வைக்கக் கூடாது. வெளியில் அவருக்கு யார் இருக்கிறார்கள் என்பதே அளவுகோல்.

குடும்பத்தை இதில் சேர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனை வீட்டாருக்கும் தனியாகச் சிகிச்சை வகுப்பு வைத்தது, மஞ்சக்குடி போன்ற ஊர்களுக்கே போய் முகாம் நடத்தியது. மேலே குடித்தால் உடம்பைப் புரட்டியெடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையும் மனைவியோ தாயோ கண்ணெதிரே விழுங்க வைக்கும்போதுதான் உருப்படியாகப் பலன் தருகிறது. நாள் முழுக்க உறுதியோடு போராடுவதற்குப் பதில் காலையில் ஒரே ஒரு முடிவு. ஆனால் 'அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலக்கலாம்' என்று சுவரில் விளம்பரம் ஒட்டுகிறவர்கள் செய்வது கொலை முயற்சிக்குச் சமம். தெரியாமல் உள்ளே போன அந்த மருந்தின் மேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. தாங்கல் என்ற பெயரில் பெண்கள் தலையில் இன்னொரு முழுநேர வேலையைக் கட்டிவிடும் அபாயமும் இருக்கிறது. அந்தப் பாரத்தில் பாதியை ஏஏ ஸ்பான்சரும் சுகாதார நிலையத்தின் தொடர் வருகையும் சுமக்க வேண்டும்.

இதற்குச் செலவாகும் என்பார்கள். ஆகும், ஆனால் புதிய பணம் அதிகம் தேவையில்லை. முப்பது நாள் தங்கும் திட்டத்தில் முதல் பத்து நாள் ஆலோசனை பெரும்பாலும் காற்றில் போகிறது. அந்த அமர்வுகளை எடுத்து, வீடு திரும்பிய பின் ஆறு மாதத்துக்கு வாரம் ஒன்றாகப் பிரித்துப் போடலாம். கவுன்சிலருக்கு அதே சம்பளம், அதே மணிக்கணக்கு. அந்த ஆறு மாதத்தில்தான் நோயாளிக்கு வெளியிலிருந்து தாங்கல் தேவை.